திருப்புமுனை வியாபாரி

எங்கள் ஊரில் ஒரு மனிதன் மனம் திருந்த ஆயிரத்து நானூற்றைம்பது யூரோ ஆகும். வரி உட்பட. பத்துப் பேரோடு உட்கார்ந்து திருந்தினால்தான் இந்த விலை. தனியாகத் திருந்த விரும்புகிறவர் மேற்கொண்டு கொஞ்சம் போட வேண்டும். அச்சடித்து ஒட்டிய விலைதான், ஆனாலும் பேரத்துக்கு மடங்குவேன். என் அப்பா எல்பே ஆற்றோரச் சந்தைகளில் புகையிட்ட விலாங்கு மீன் விற்றவர். விலை சொல்கிறபோது எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். முகம் சுருங்குவதற்குள் ஒரு துண்டு மீனை அவர் கையில் வைத்துவிடுவார். நானும் முதல் வகுப்புக்குக் காசு வாங்கியதில்லை.

காப்பி நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் காப்பியைப் பற்றி ஊரில் சொல்வதை இனி நம்ப மாட்டேன்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். எண்ணைச் சொல்லிவிடலாம், ஒரு நொடி வேலை. ஆனால் வெறும் எண்ணை எழுதிக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் ஏதோ கெட்டவன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். வக்கீல் வேண்டாம். வாய் வராதவர்களுக்குத்தான் வக்கீல்.

என் பெயர் யோர்ன் விட்டோர்ஃப், வயது ஐம்பத்தெட்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை வாங்கியவர்களுக்குச் சீர்திருத்தச் சிகிச்சை கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். இரத்தத்தில் சாராய அளவு கொஞ்சம் ஏறியிருந்தால் அபராதத்தோடு போய்விடும். ரொம்ப ஏறியிருந்தால் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் ஒரு மனநல மதிப்பீட்டாளர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நான் பழைய ஆள் இல்லை என்று அவரை நம்பவைக்க வேண்டும். ஊரில் அதற்கு முட்டாள் தேர்வு என்று பெயர். ஆனால் முட்டாள்கள் அதில் தோற்பதில்லை. நேர்மையானவர்கள்தான் தோற்கிறார்கள். அவர்கள்தான் என்னிடம் வருவார்கள்.

முடி பரிசோதனை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று சென்டிமீட்டர் முடியை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குடித்திருந்தால் முடி காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிக் கொடுக்க முடி வேண்டுமே, அதனால் என்னிடம் வருகிற கொத்தனார், பெயின்டர், லாரிக்காரர் எல்லோருக்கும் தலைமுடி தோளில் புரளும். வியாழக்கிழமை என் அறைக்குள் தெரியாமல் நுழைந்தவர்கள் ஏதோ பழைய பாட்டுக் கோஷ்டி ஒத்திகை பார்க்கிறது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முடி பொய் சொல்லாது. ஆள் சொல்வான். முதல் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்பேன்: பிடிபட்ட அன்றைக்கு எவ்வளவு குடித்தாய்? பத்தொன்பது வருடமாக ஒரே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது.

ஓலாஃப் வந்த அன்று நடந்தது நினைவிருக்கிறது. ஓலாஃப் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன், நாற்பத்தாறு வயது, வாய் ஓயாதவன்.

"ரெண்டு பீர்தான் சார். சத்தியமா," என்றான்.

"அந்த ரெண்டு பீரும் எந்த வாளியில வந்துச்சு?" என்றேன்.

அறை சிரித்தது. அவனும் சிரித்தான். "வாளி இல்ல சார், பெயின்ட் டின்," என்றான்.

அவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. இதுதான் என் தொழிலின் உயிர்நாடி, மேடம், கவனியுங்கள். ரெண்டு என்று சொல்கிறவன் ரெண்டு என்றுதான் நம்புகிறான். மனிதன் தனக்குச் சங்கடமில்லாததை மட்டும்தான் எண்ணுவான். நின்றபடி குடித்தது கணக்கில் வராது. அடுத்தவன் வாங்கிக்கொடுத்தது வராது. சாப்பாட்டோடு போனது சாப்பாட்டில் சேர்ந்துவிடும். பாதியில் வைத்துவிட்டு வந்த கிளாஸ் குடிக்காத கிளாஸ். இதையெல்லாம் கழித்தால் எவனுக்கும் ரெண்டுதான் மிஞ்சும்.

அதனால் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பேன். ஆறே கேள்வி. எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு, என்ன, எவ்வளவு, யார் காசு. இந்த ஆறுக்கும் பதில் எழுதாமல் எவனும் என் அறையில் தன் கதையைச் சொல்ல முடியாது. ஓலாஃப் எழுதிக்கொண்டு வந்தபோது அவனுடைய ரெண்டு பீர் ஒன்பது பீராகவும் நாலு சாராயமாகவும் ஆகியிருந்தது. "எனக்கே பயமா இருக்கு சார், இவன்கூட நான் வண்டியில போயிருக்க மாட்டேன்," என்றான். நல்ல மாணவன்.

எண்ணத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, திருப்புமுனை. மதிப்பீட்டாளர் கேட்பார்: எது உங்களை மாற்றியது? இதற்கு ஒரு சம்பவம் வேண்டும். மனைவி பெட்டியைக் கட்டினாள், ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன், அண்ணன் கல்லீரல் கெட்டுச் செத்தான் என்று ஏதாவது. சம்பவம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்கிறபோது குரல் தானாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தைத்தான் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் மீன் வாங்குகிறவர்களும் அப்படித்தான். மீன் எல்லாம் ஒரே மீன். புயலில் படகு கவிழ இருந்த கதையைக் கேட்டுவிட்டு வாங்குகிற மீனுக்கு ருசி வேறு.

பெரும்பாலானவர்களுக்குச் சம்பவம் கைவசம் இருக்கும். நான் தூசி தட்டிக் கொடுப்பேன். சிலருக்கு இருக்காது. அவர்களுக்கு ஒன்று தைத்துக் கொடுப்பேன், அளவெடுத்து. பலருக்குத் தைத்த சட்டை பிறவிச் சட்டை மாதிரிப் பொருந்திவிடும்.

ஹென்னிங் ரட்யெனுக்குப் பொருந்தவில்லை.

முப்பத்துநாலு வயது. கொதிகலன் பழுது பார்க்கிறவன். உரிமம் போன பிறகு வீடு வீடாகப் போக முடியாமல், ஆப்பிள் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். விவாகரத்து ஆனவன். மனைவி விப்கே பதினாலு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருந்தாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. மகள் யெட்டேவுக்கு ஒன்பது வயது. ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் ஹென்னிங் சைக்கிளில் போய் அவளை அழைத்துக்கொண்டு வருவான். வெள்ளத்தடுப்புக் கரையை ஒட்டிய சாலை. அவன் முன்னால், அவள் தன் சின்னச் சைக்கிளில் பின்னால், கம்பியில் ஆரஞ்சுக் கொடி பறக்க. விப்கே ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: நவம்பர் வந்துவிட்டால் இருட்டிலும் காற்றிலும் குழந்தையைச் சைக்கிளில் அனுப்ப மாட்டாள், மார்ச் வரை. கார் இருந்தால் வா, இல்லாவிட்டால் போன் பண்ணு. போன வருடம் குளிர்காலம் முழுக்க அவன் போன்தான் பண்ணினான். அவனுக்கு உரிமம் என்றால் அந்த ஐந்து மாதம். வேறு எதற்கும் அவன் அதைக் கேட்கவில்லை.

குடியை விட்டு அப்போது பதினாலு மாதம். முடி சுத்தம். ஆனால் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தான். அறிக்கையை என்னிடம் நீட்டினான். மாற்றத்துக்கான காரணம் புரிந்துகொள்ளத்தக்கதாக இல்லை என்று எழுதியிருந்தது.

"நீ என்னப்பா சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேன் சார். ஒரு செவ்வாய்க்கிழமை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாட்டில் இருந்துச்சு. மூடிட்டேன்."

"ஏன் மூடினே?"

யோசித்தான். "குளிர் வெளிய போகுதில்ல."

ஓலாஃப் நாற்காலியிலிருந்து விழாத குறை. "மாப்ளே, உனக்கு உரிமம் கிடைக்காது. கரண்டு மிச்சம் பண்ணினதுக்குப் பதக்கம் வேணா கிடைக்கும்."

ஹென்னிங்கும் சிரித்தான். ஆனால் அதுதான் உண்மை. வேண்டாம் என்று தோன்றியது, விட்டுவிட்டான். அப்படிப்பட்ட மனிதர்கள் உண்டு, ஆயிரத்தில் ஒருவன். மதிப்பீட்டாளருக்கு அவன் பதிலில் கேட்டது ஒன்றும் கிடைக்கவில்லை.

அவனுக்கு நான் மூன்று திருப்புமுனைகள் தைத்தேன். மூன்றும் தரமானவை. ஒத்திகையில் பாதி வாக்கியம் வருவதற்குள் அவன் காது செக்கச்செவேல் என்று ஆகிவிடும். "நடக்காததைச் சொல்ல வரலை சார். மன்னிச்சுக்குங்க," என்பான். ஏப்ரல், மே, ஜூன் என்று போனது. தேர்வுக்கு அக்டோபரில் நாள் வாங்கியிருந்தோம். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு உண்மையைத் தயாரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

புருவத்தைத் தூக்குகிறீர்கள். இது எனக்குப் புதிதல்ல, அதனால்தான் முன்கதை சொல்கிறேன்.

கெர்ட் என்று ஒரு குழாய் ரிப்பேர்க்காரர் இருந்தார். இரண்டு முறை தோற்றவர். மனைவி அவர் குடித்ததையெல்லாம் பொறுத்துக்கொண்டவள். அதுதான் அவருக்குக் கோளாறு. எதையும் இழக்காத மனிதர் எதைச் சொல்லிக் குரலை இறக்குவார்? அவர் வகுப்பில் மனம்விட்டுச் சொன்ன ஒரு பழைய விஷயத்தை அவர் மனைவிக்குக் கடிதமாக எழுதினேன். இடது கையால். அவள் போய்விட்டாள். அடுத்த தேர்விலேயே அவர் ஜெயித்தார். ஒரு கடிதம்தான், மேடம். தபால்காரர் தினமும் பைநிறையப் போடுகிறார். இதை ஒரு செயல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பார்பெல் அம்மாள், மருந்துக்கடையில் வேலை. வயதான நாய் ஒன்று வைத்திருந்தார். ஒன்பது மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு கிளாஸ் வைன் குடித்ததாக எனக்குப் போன் செய்து அழுதார். போய்ப் படுங்கள், காலையில் பேசுவோம் என்றேன். பிறகு நடந்து போய் அவர் வீட்டுத் தோட்டக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிட நடை. நாயைச் சாலையில் கண்டெடுத்தார்கள். அந்தக் கிளாஸின் மயக்கத்தில் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டோம் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். ஏழு வருடமாகச் சொட்டு தொட்டதில்லை. எந்த மருந்து இதைச் செய்யும்? கிறிஸ்துமஸுக்கு எனக்கு வருடா வருடம் அவர் கையால் பின்னிய காலுறை வரும். ஆனால் அது நாய். நாயைச் சேர்த்து எண்ணினால் கணக்கு தாறுமாறாகிவிடும்.

ஒரு கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு லாரிக்காரரின் வேலையைப் போகவைத்தது உண்டு. இரண்டு நிமிடப் பேச்சு. அவரே பின்னால் அதைவிட நல்ல வேலைக்குப் போனார் என்று கேள்வி.

இன்னொருவர் இருந்தார், தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். அவர் விஷயத்தில் நான் ஆரம்பித்ததை முடிக்க முடியவில்லை. நவம்பரில் ஆற்றில் கிடைத்தார். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களை நான் தேர்ச்சியிலும் சேர்ப்பதில்லை, தோல்வியிலும் சேர்ப்பதில்லை. அது ஆரம்பத்திலிருந்தே என் விதி, அவருக்காகப் போட்டதல்ல.

ஹென்னிங்குக்கு வருகிறேன்.

அவனிடமிருந்து எதை எடுப்பது? மனைவி ஏற்கெனவே இல்லை. வேலை ஏற்கெனவே இல்லை. தன்னைப் பற்றி அவனுக்குப் பயமே கிடையாது. விபத்துப் படங்களைக் காட்டினால் காரின் எஞ்சினைப் பார்ப்பான். அவனிடம் மிச்சமிருந்தது அந்தக் குழந்தை மட்டும்தான். அதை எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பயம்தான் தேவைப்பட்டது. குடித்தவன் ஓட்டுகிற வண்டி ஒன்று பின்னாலிருந்து வந்து, மகளுக்கும் அவனுக்கும் பக்கத்தில் உரசாமல் கடந்து போக வேண்டும். அந்தக் காற்று அவன் முகத்தில் அடித்தால் போதும். மதிப்பீட்டாளரிடம் அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் செப்டம்பரிலேயே என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: "அன்றைக்குத்தான், நான் ஓட்டிய வண்டிக்கு முன்னால் என் மகள் நிற்பதைப் பார்த்தேன்." நீங்களே சொல்லுங்கள், அதைவிட நல்ல வாக்கியம் எங்கே கிடைக்கும்? அதைச் சொன்னால் காது சிவக்காது.

ஓட்டுகிறவன் வேண்டும். ஓலாஃபின் முடி அறிக்கை அந்த வாரம்தான் வந்திருந்தது. அவன் கோடையிலிருந்தே மறுபடி குடித்துக்கொண்டிருந்தான். என்னிடம் சொல்லவில்லை, தமாஷ் பேசிக்கொண்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். அறிக்கையை அவனிடம் காட்டவில்லை நான். அவனும் எப்படியும் தோற்றவன்தான் என்று நினைத்தது உண்மை. கடையில் அடிபட்ட ஆப்பிளைத் தூக்கி எறிய மாட்டார்கள், மேடம், சாறு பிழிவார்கள்.

ஊருக்கு வெளியே எனக்கு ஒரு வாடகைத் தோட்டம் உண்டு. செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, ஆப்பிள் பறிக்க வா என்று ஓலாஃபைக் கூப்பிட்டேன். மத்தியானம் ஒன்றரைக்கு வந்தான். நல்ல வெயில். ஏணியில் ஏறியவன் பாடிக்கொண்டே பறித்தான். மூன்று மணிக்கு மேல் மேசையில் பீரை வைத்தேன்.

பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இது பரீட்சையா சார்?"

"தோட்டத்துக்குள்ள பரீட்சை கிடையாது. இங்க நான் வாத்தியார் இல்ல."

"அப்ப நானும் மாணவன் இல்ல," என்றான். உட்கார்ந்தான். முதல் மடக்கைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "நீங்க மட்டும்தான் சார் என்னைக் கேவலமா பாக்காத ஆளு," என்றான்.

நாலு பீர். அப்பாவின் காலத்துச் சின்னக் கிளாஸில் ஆறு பிளம் சாராயம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணாமல் இருக்க எனக்கு வராது. நாலு மணிக்கு விப்கே குழந்தையை அனுப்புவாள். நாலு இருபதுக்கு அவர்கள் கரைச் சாலையில், உயர்ந்த பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவார்கள். மூன்று வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்து வைத்திருந்தேன். பழச்சாறு ஆலை அந்தச் சாலையின் கடைசியில் இருக்கிறது. நாலு மணி எட்டு நிமிடத்துக்கு வேன் சாவியை நீட்டினேன்.

"பத்துப் பெட்டி இருக்கு. அஞ்சு மணிக்கு ஆலையை மூடிடுவான். எனக்கு முதுகு பிடிச்சிருக்கு, ஓலாஃப்."

"உரிமம் இல்லையே சார்."

"கரைச் சாலையில யாருப்பா நிறுத்தப் போறாங்க, மேயுற ஆடா?"

சிரித்தான். சாவியை வாங்கினான். "மெதுவாப் போ," என்று சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகப் போ என்று சொன்னேன்.

அவன் போன பிறகு அந்தச் சின்னக் கிளாஸைக் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தேன். ஏணியை மடக்கினேன். கீழே விழுந்திருந்த ஆப்பிள்களைக் கூடையில் பொறுக்கினேன். நாலு முப்பத்தைந்துக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது ஆம்புலன்ஸ். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் ஒன்றைக்கூட எதிர்பார்க்கவில்லை.

ஓலாஃப் பிறகு சொன்னது உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆரஞ்சுக் கொடியைப் பார்த்திருக்கிறான். ஒதுங்கத்தான் திருப்பியிருக்கிறான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதில் தவறு. பெட்டியெல்லாம் சரிந்து சாலை முழுக்க ஆப்பிள். யெட்டே அங்கேயே இறந்துவிட்டாள். ஹென்னிங்குக்கு ஒரு கீறல் இல்லை. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தபோது கொடி இல்லை என்றுதான் அவனுக்கு முதலில் பட்டதாம். இரண்டாவது ஆம்புலன்ஸ் ஓலாஃபுக்கு; அவன் கரைமேட்டில் உட்கார்ந்து தன் தலையைக் கல்லில் மோதிக்கொண்டிருந்தானாம். முதலில் வந்த போலீஸ்காரர் எவ்வளவு குடித்தாய் என்று கேட்டபோது, ரெண்டு பீர் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

வேனைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனதாகவும் சொல்லியிருந்தான். என்னைக் காப்பாற்றியிருக்கிறான். நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். கறுப்புக் கோட்டு, வெள்ளை ரோஜா. வேன் என்னுடையது என்பதால் ஊர் என்னை எப்படிப் பார்க்குமோ என்று இருந்தது. விப்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களையும் ஏமாத்திட்டானே," என்றாள். தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது.

அக்டோபர் தேர்வை ஹென்னிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எனக்கு உரிமம் எதுக்கு சார் என்றான். இந்த இடத்தில் பலர் விட்டிருப்பார்கள். நான் விடவில்லை. நாளை மார்ச்சுக்குத் தள்ளினேன். வாரா வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். சூப் வாங்கிக்கொண்டு போவேன், சூடு பண்ணிக் கொடுப்பேன். கல்லறை விப்கேயின் கிராமத்தில் இருந்தது. அதே பதினாலு கிலோமீட்டர். "குளிர்காலத்தில எப்படிப் போவே? அங்க அவ தனியா இருப்பாள்ல," என்றேன். அதற்குத்தான் சம்மதித்தான்.

மார்ச்சில் மதிப்பீட்டாளர் முன் உட்கார்ந்தான். எது உங்களை மாற்றியது என்று அவர் கேட்டிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவன் சொன்னான். ஒரு சொல் மாறவில்லை. அறிக்கையை நான் படித்தேன். நான்கு பக்கம். இவ்வளவு ஆழமான உணர்தலை அரிதாகவே பார்த்திருக்கிறேன் என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறார். என் பத்தொன்பது வருடத்தில் அப்படி ஓர் அறிக்கை வந்ததில்லை.

உரிமம் தபாலில் வந்த அன்று என் அறைக்கு வந்தான். சைக்கிளில்தான் வந்தான், காலில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றவில்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தான். மேசையில் அட்டையை வைத்தான்.

"கிடைச்சிடுச்சு சார்."

"நல்லது ஹென்னிங். நீ பட்ட பாட்டுக்கு இது—"

"இதை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது சார்?"

கல்லறைக்கு என்று சொல்ல வந்தேன்.

"அங்க சைக்கிள்லயே போய்க்கிறேன்," என்றான். "அந்த ரோட்டுல நான் காரைக் கொண்டு போக மாட்டேன். இதை நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும்போல இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாது அப்போது. போய்விட்டான். அட்டையை என் மேசை இழுப்பறையில், நல்ல அறிக்கைகள் இருக்கிற கோப்பில் வைத்தேன். நேற்று நீங்கள் எடுத்தது அதுதான்.

ஓலாஃப் உள்ளே ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு சிறையில் அவனுக்கும் ஒரு சிகிச்சை வகுப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே வகுப்பு நடத்துகிறவள் சின்னப் பெண், என் தாளைத்தான் பயன்படுத்துகிறாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் இலவசமாகக் கொடுத்தேன். எங்கே? யோர்ன் சாரின் தோட்டம். எத்தனை மணிக்கு? மூன்றிலிருந்து நாலு எட்டு வரை. யாரோடு? யோர்ன் சாரோடு. என்ன, எவ்வளவு? நாலு பீர், ஆறு பிளம் சாராயம். யார் காசு? அங்கே அவன் பேனா நின்றுவிட்டதாம். ஒரு மணி நேரம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு எழுதியிருக்கிறான். எண்கள் அத்தனையும் சரி, மேடம். ஒரு கிளாஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பட்டது. அவன் நன்றாக வருவான்.

வருத்தம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. குரல் இறங்குவதை நீங்களே கேட்கிறீர்கள். ஆனால் நான் சிகிச்சை கொடுப்பவன். கத்தி வைக்கிறவர்களின் மேசையில் ரத்தம் இருக்கத்தான் செய்யும்.

சரி, உங்கள் முதல் கேள்வி. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கை வரிசையாகச் சொல்கிறேன். பத்தொன்பது வருடத்தில் என்னிடம் படித்து முடித்தவர்கள் நானூற்று முப்பத்தொருவர். தேர்ச்சி பெற்றவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு, ஹென்னிங்கையும் சேர்த்து. தேர்ச்சி பெற்ற பிறகு குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்கள் பதினொருவர். ஓலாஃப் தேர்வே எழுதவில்லை, அதனால் அவன் இதில் வர மாட்டான். சின்னவள் என் பட்டியலில் என்றைக்கும் இருந்ததில்லை. கடிதத்தை நீங்களும் எண்ண மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். போன் காலையும் நாயையும்தான். ஆற்றில் போனவர் பாதியில் நின்றவர். இதையெல்லாம் கழித்துவிட்டு, நான் கை வைத்தவர்கள் என்று நியாயமாக எத்தனை பேரைச் சொல்லலாம்?

ரெண்டு பேர்தான், மேடம். சத்தியமா.